காவிரிப் படுகையில் எண்ணெய் வளம்: ஓர் அறிமுகம்

'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டாத தமிழாசிரியர் இரார். எள் + நெய் = எண்ணெய் எனக் கரும்பலகையில் எழுதிப் புணர்ச்சி விதி கூறுவது ஆண்டுதோறும் நிகழ்வது. எள்ளினின்று எடுத்த நெய்க்கு இட்ட பெயர், பின்னர் எள்ளோடு தொடர்பே இல்லாத தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் முதலியவற்றுக்கும் பொதுப்பெயராய் விரிந்தது. கப்பலில் வந்த எரிநெய் 'சீமையெண்ணெய்' ஆயிற்று. மண்ணுக்குள்ளிருந்து வருவது பற்றி 'மண்ணெண்ணெய்' ஆயிற்று. ஆங்கிலப் பெயரைக் காதால் மட்டுமே கேட்டறிந்த நம் பாட்டிமார் அதனையே 'கிருஷ்ணாயில்' என்று வழங்கினர். பெட்ரோலியம் என்னும் சொல்லுக்கும் பாறையெண்ணெய் என்பதே பொருள். அதைக் 'கல்நெய்' எனத் தமிழாக்கினோரும் உண்டு. வழக்கில் அது நிலைபெறவில்லை.

இவ்வாறு சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருந்த வகுப்பொன்றில், 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, ஹைட்ரோகார்பன் என்றால் மீத்தேனா, பெட்ரோலா, அல்லது இரண்டுமில்லாத வேறொன்றா? எங்கள் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்றார். அவர் டெல்டாப் பகுதி வேளாண் குடும்பத்துப் பிள்ளை. நெடுவாசல் என்னும் ஊர்ப்பெயர் அப்போது நாள்தோறும் நாளேடுகளில் வந்துகொண்டிருந்தது. எனக்கு விடை தெரியவில்லை. "வேதியியல் துறையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறி அன்று தப்பினேன். அதன்பின் படித்ததும் கேட்டதுமாகச் சேர்ந்தவையே இக்கட்டுரை. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையைச் சற்று நீட்டி எழுதுகிறேன் எனலாம்.

நிலம் பிரிந்த கதை

காவிரிப் படுகை என்று நிலவியலார் கூறுவதும், காவிரிப் பாசனப் பகுதி என்று நாம் கூறுவதும் ஒன்றல்ல. நிலவியலார் கருத்தில் அது புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து மன்னார் வளைகுடா வரை பரவிய, படிவுகளால் நிரம்பிய ஒரு பெரும் பள்ளம். நிலப்பரப்பில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டரும், ஆழமற்ற கடற்பகுதியில் ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டரும் அதற்கு உண்டு. ஆழ்கடற்பகுதி இவற்றினும் பரந்தது.

இப்பள்ளம் தோன்றிய காலத்தில் காவிரி இல்லை, மனிதனும் இல்லை. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து, இந்திய நிலம் அண்டார்டிகாவிலிருந்து விலகத் தொடங்கிய காலம் அது. பதின்மூன்று, பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பிளவில் இந்நிலத்தின் அடிப்பாறை வடகிழக்கு தென்மேற்காகக் கீறல் விழுந்து, சில பாளங்கள் தாழ்ந்தன. சில உயர்ந்து நின்றன. தாழ்ந்தவை அரியலூர்-புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம்-பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்னும் உட்பள்ளங்கள். உயர்ந்தவை கும்பகோணம்-மாதானம், காரைக்கால், வேதாரண்யம், பட்டுக்கோட்டை-மன்னார்குடி, மண்டபம் ஆகிய முகடுகள். தஞ்சை மண்டலத்தில் பேருந்தில் செல்வோர்க்கு எங்கும் ஒரே சமவெளியாகத் தோன்றும் நிலம், அடியில் மலையும் மடுவுமாக இருக்கின்றது. சில மடுக்களில் படிவின் கனம் 5 கிலோமீட்டரைத் தாண்டுகின்றது.

கடல் இந்நிலத்தின்மீது பலமுறை ஏறி இறங்கியது. அதற்குச் சான்று காண ஆழ்துளை இட வேண்டுவதில்லை. படுகையின் மேற்கு விளிம்பான அரியலூர்ப் பகுதியில் அப்படிவுகள் தரைமட்டத்திலேயே தெரிகின்றன. அங்குச் சிமெண்டு ஆலைக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் எல்லாம் பழைய கடலடிச் சேறு. பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேய நிலவியலார் 1862-இலேயே அப்பாறைகளைப் பற்றி எழுதியுள்ளார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற்குக் கல்லாய்க் கிடக்கும் மரமும் அக்காலத்ததே. கல்லூரிச் சுற்றுலாவிற்கு மாமல்லபுரத்தையும் கொடைக்கானலையுமே நாடும் நம் மாணவர்கள் ஒருமுறை அரியலூருக்கும் செல்லலாம்.

ஊர்ப்பெயர் தாங்கிய பாறைகள்

தமிழ் பயின்றோர்க்கு இத்துறையில் மிகுந்த இன்பம் தருவது பெயரிடும் முறையே. ஒரு பாறைத் தொகுதிக்கு, அது முதலில் நன்கு அறியப்பட்ட கிணற்றின் அருகிலுள்ள ஊரின் பெயரை இடுவது நிலவியலார் மரபு. அதனால் நம் ஊர்கள் பலவும் தரைக்கு மேல் ஒருமுறையும் தரைக்குக் கீழ் ஒருமுறையும் வாழ்கின்றன. மிக அடியில் இருப்பது ஆண்டிமடம் தொகுதி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே படிந்துவிட்டது அது. அதன்மேல் சாத்தப்பாடிக் களிப்பாறை, புவனகிரித் தொகுதி, நன்னிலம் தொகுதி, பரங்கிப்பேட்டைக் களிப்பாறை, கமலாபுரம் தொகுதி, காரைக்கால் களிப்பாறை, நிரவித் தொகுதி என அடுக்கடுக்காக வருகின்றன. குடவாசலும் குமராட்சியும் பந்தநல்லூரும் திருப்பூண்டியும் திட்டச்சேரியும் அவ்வரிசையில் இடம்பெற்றவையே. பரங்கிப்பேட்டைக்கு மட்டும் ஐரோப்பியர் இட்ட 'போர்ட்டோ நோவோ' என்னும் பெயரையே நிலவியல் நூல்கள் இன்றும் ஆள்கின்றன.

பெயர்களைப் போலவே இவ்வடுக்குகளின் தொழிலும் அறியத்தக்கது. எண்ணெய் உண்டாவதற்கு மூன்று பாறைகள் வேண்டும். உயிர்ப்பொருள் செறிந்த களிப்பாறை ஒன்று ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 60 பாகை முதல் 120 பாகை வரை வெப்பத்தில் பல்லாயிரம் நூற்றாண்டுகள் வேக வேண்டும். அதனை மூலப்பாறை என்பர். வெந்து கசிந்த எண்ணெய் மேலேறி வந்து தங்குவதற்கு நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும். அது தேக்கப்பாறை. தங்கியது மேலும் ஏறிப் போய்விடாமல் மேலே மூடிநிற்கும் இறுகிய களி மூடுபாறை. காவிரிப் படுகையில் ஆண்டிமடம் தொகுதியின் களிகளும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் மூலப்பாறைகளாகக் கருதப்படுகின்றன. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவித் தொகுதிகளின் மணற்பகுதிகள் தேக்கங்கள். மாதானம் பகுதியில் இவ்விதிக்குப் புறம்பாக, அடிப்படிகப் பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் தங்கியிருக்கக் கண்டனர்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் தளும்பிக்கொண்டிருக்கின்றது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஈரமணலில் நீர் இருப்பதுபோல், பாறையின் துளைகளுக்குள் இருக்கின்றது. ஆகவே இருப்பது முழுவதும் வெளிவருவதில்லை. பெரும்பகுதி பாறையோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகின்றது.

தேடலும் கிடைத்ததும்

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் 1956-இல் தோன்றியது. ஐம்பதுகளின் இறுதியிலேயே அதன் குழுவினர் காவிரிப் படுகையில் அளவைப் பணி தொடங்கினர். தரையில் சிறுவெடி வைத்து, அதன் அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் காலத்தைக் கருவிகளால் அளந்து, பாறையடுக்கின் உருவை வரைவது அம்முறை. வயல்வெளியில் நீளக் கம்பி விரித்துச் சென்ற அக்குழுவினரை இப்பகுதி முதியோர் இன்றும் நினைவுகூர்வர். முதல் ஆழ்கிணறு 1964-இல் தோண்டப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் பெரிய பயன் ஏதுமின்றிக் கழிந்தன. எண்பதுகளின் நடுவில்தான் நரிமணமும் கோயில்களப்பாலும் எண்ணெய்ப் படத்தில் இடம்பெற்றன. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், அடியக்கமங்கலம் முதலிய வயல்கள் அடுத்தடுத்து வந்தன. நரிமணத்திற்கு அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் கொள்ளளவுடைய சுத்திகரிப்பு ஆலை 1993-இல் இயங்கத் தொடங்கிப் பின்னர் 10 இலட்சம் டன்னாக விரிந்தது. அவ்விடத்தில் 90 இலட்சம் டன் கொள்ளளவுடைய புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வளவு பெரிய ஆலைக்கு உள்ளூர்க் கிணறுகள் ஈடுகொடுக்கா என்பதைக் கீழ்வரும் கணக்கே காட்டும்.

2018-19-ஆம் ஆண்டில் இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 3 கோடியே 42 இலட்சம் டன். அதில் தமிழ்நாட்டு நிலப்பகுதியின் பங்கு 4 இலட்சம் டன்னுக்கும் சற்றுக் குறைவு. நூற்றில் ஒன்றைச் சிறிதே தாண்டுகின்றது. நாட்டின் தேவையிலோ நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றது. ஆகவே காவிரிப் படுகை நம்மை அரபு நாடாக்கிவிடும் என்ற பேச்சும் சரியன்று. அங்கு ஒன்றுமே இல்லை என்ற பேச்சும் சரியன்று. அங்குள்ள வயல்கள் சிறியவை, சிதறியவை. முன்னர்க் கூறிய முகடும் மடுவுமான அமைப்பே அதற்குக் காரணம். பாளங்கள் உடைந்து நிற்பதால் ஒரே பரந்த தேக்கம் உருவாகாமல், கைப்பிடி கைப்பிடியாகப் பல தேக்கங்கள் உருவாயின. நிலத்தின்மேல் இதன் விளைவு என்னவெனில், குறைந்த எண்ணெய்க்கு அதிகக் கிணறும், அதிகக் குழாயும், அதிக வயலும் தேவைப்படுகின்றன. இப்படுகையைப் பற்றிய விவாதம் அனைத்திற்கும் இதுவே வேர் என்பது என் கருத்து.

எண்ணெயினும் எரிவாயுவே இங்கு மக்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. திருமக்கோட்டையில் 108 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட், இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரில் இரு பிரிவுகளுமாக 187 மெகாவாட் என அரசின் எரிவாயு மின்நிலையங்கள் அமைந்தன. காரைக்காலில் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றுண்டு. வழுதூருக்கு எரிவாயு தந்த பகுதியில்தான் காஞ்சிரங்குடியும் பெருங்குளமும் பெரியபட்டினமும் உள்ளன.

ஒரு சொல்லுக்குள் பல பொருள்

இனி மாணவர் கேட்ட வினாவிற்கு வருவோம். ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே சேர்ந்து அமைந்த சேர்மங்கள் அனைத்திற்கும் ஹைட்ரோகார்பன் என்பது பொதுப்பெயர். மீத்தேன் அவற்றுள் மிக எளியது. பெட்ரோல் பலவற்றின் கலவை. எனவே 'மீத்தேனா, ஹைட்ரோகார்பனா' என்று கேட்பது 'மல்லிகையா, பூவா' என்று கேட்பது போன்றது. இவ்வளவே வேதியியல்.

ஆனால் ஊரில் அவ்வினா எழுந்ததற்கு வேதியியல் காரணமன்று. முன்னர் எண்ணெய்க்கும் இயற்கை எரிவாயுவிற்கும் ஓர் உரிமம், நிலக்கரிப்படுகை மீத்தேனுக்கு வேறோர் உரிமம் என இருந்தது. 2016-இல் வந்த புதிய கொள்கை எல்லாவற்றையும் ஒரே உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. அதன் பெயரிலேயே ஹைட்ரோகார்பன் என்னும் சொல் இருந்தது. நெடுவாசல் சிறுவயல்களுக்கான தனித்திட்டத்தின்கீழ் 2017 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றதாயினும், சுவரொட்டிகளில் அதே சொல்தான் ஏறியது. சொல் ஒன்றாகிவிட்டதால் செய்முறைகளும் ஒன்றே என்று மக்கள் கருதிவிட்டனர். அவையோ வெவ்வேறு.

மணற்பாறையில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் தம் அழுத்தத்தினாலேயே கிணற்றுக்குள் ஏறி வருகின்றன. நிலக்கரிப்படுகை மீத்தேன் அவ்வாறு வாராது. அது நிலக்கரியின் மேனியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நிலக்கரி அடுக்கிலுள்ள நீரைத் தொடர்ந்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அது விடுபடும். மன்னார்குடிப் பகுதியின் பழுப்பு நிலக்கரிக்காக 2010-இல் ஒப்பந்தமாகிய திட்டம் இவ்வகையினது. நிலத்தடி நீரை இறைப்பது என்றதும் கடற்கரைக்கு அணித்தான ஆற்றுப்படுகை வேளாளர் அஞ்சியதில் வியப்பில்லை. இறைத்த இடத்திற்கு உவர்நீர் ஏறும் என்பது அவர்கள் வாழ்க்கையில் கண்டறிந்த பாடம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அத்திட்டத்திற்கு எதிரான பரப்புரைப் பயணத்தில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். மாநில அரசு 2013-இல் பணியை நிறுத்தி, 2015-இல் திட்டத்தை முற்றும் மறுத்தது. களிப்பாறை எரிவாயு இவ்விரண்டினும் வேறு. மூலப்பாறையையே உயர் அழுத்த நீரால் பிளந்து எடுப்பது அது.

இவ்வேறுபாடு தெரியாமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இருட்டில் கைவீசுவது போன்றதே. அதே வேளையில் 'மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை' என்று இகழ்வோரையும் நான் ஏற்பதற்கில்லை. அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் யார்? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, பொதுமக்கள் கருத்துக்கேட்பிற்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தரவேண்டும் என்கின்றது. 2020 சனவரியில் வந்த திருத்தம் ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பே வேண்டியதில்லை என விலக்களித்தது. கருத்துக்கேட்பு இல்லையெனில் அதற்கென எழுதப்படும் தமிழ்ச் சுருக்கமும் இல்லை. தமிழ்த்துறையினர் இதனைத் தமக்குத் தொடர்பற்ற செய்தியாகக் கருதலாகாது.

வயலும் கிணறும்

என் சாச்சா ஒருவர் குவைத்து நாட்டில் எண்ணெய்க் குழாய்ப் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து திரும்பியவர். நம் சமுதாயத்தில் அத்தகையோர் இல்லாத தெரு அரிது. அவரோடு ஒருமுறை திருவாரூர் மாவட்டத்து ஊரொன்றிற்குத் திருமணத்திற்குச் சென்றோம். வழியில் நடவு வயலுக்கு நடுவே வேலியிட்ட மேடையும் அதன்மேல் துளைக்கும் கோபுரமும் தெரிந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். "கருவியெல்லாம் அதே கருவிதான். அங்கே ஒரு வால்வு கசிந்தா மணல்தான் கறுக்கும், தம்பி. இங்கே நாத்து கறுக்கும்" என்றார்.

நூல்களும் இதனையே வேறு சொற்களில் கூறுகின்றன. நன்னீர் அடுக்குகளைக் கடந்து செல்லும் கிணற்றுக்கு ஒன்றனுள் ஒன்றாக எஃகுக் குழாய்கள் இறக்கி, இடைவெளியில் சிமெண்டு நிரப்புவர். அது செவ்வையாக அமைந்து, காலத்தால் அரிக்கப்படாமல் இருக்கும்வரை நீருக்கு ஊறில்லை. எண்ணெயோடு சேர்ந்து ஆழத்திலிருந்து வரும் உப்புநீரைத் திரும்பவும் ஆழத்திற்கே செலுத்த வேண்டும். துளையிடும்போது வெளிவரும் சேற்றைக் குழியில் தேக்கி முறையாக அகற்ற வேண்டும். பயன் முடிந்த கிணறுகளைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். இவற்றில் எதுவும் செய்ய இயலாததன்று. ஆனால் எதில் தவறினாலும் அதனை முதலில் காண்பவர் பொறியாளர் அல்லர், அண்டை வயல்காரர். 2017 சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவித் தீப்பற்றிய நிகழ்ச்சி அதன்பின் அப்பகுதியின் பேச்சையே மாற்றிவிட்டது.

சட்ட நிலையும் சிக்கலானது. அரசியலமைப்பில் எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரே வயலின் மேற்பரப்பு ஓர் அரசிற்கும் அடிப்பரப்பு மற்றோர் அரசிற்கும் உரியது போன்ற நிலை இது. நிலப்பகுதி எண்ணெய்க்குரிய உரிமத்தொகை மாநிலத்திற்கும், கடற்பகுதி எண்ணெய்க்குரியது ஒன்றியத்திற்கும் செல்கின்றது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றித் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்குத் தடை விதித்தது. முன்னரே நடந்துகொண்டிருந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை.

தெற்கே நகரும் தேடல்

டெல்டாவில் வேலி எழுந்தபின் தேடலின் பார்வை வேலிக்கு வெளியே செல்வது இயல்பு. இராமநாதபுரம் அம்மண்டலத்தில் இல்லை. கடலும் இல்லை. ஆழ்கடற்பகுதியில் 2007-இலும் 2013-இலும் எரிவாயுக் கண்டுபிடிப்புகள் அறிவிக்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் மறுபுறத்தில் இலங்கை, மன்னார்த் தீவின் பேசாலையில் எழுபதுகளிலேயே சோவியத் உதவியுடன் கிணறு தோண்டிப் பார்த்தது, பயனில்லை. பின்னர் 2011-இல் ஆழ்கடலில் இரு கிணறுகளில் எரிவாயு கண்டனர். ஒன்றன் பெயர் டொராடோ. மற்றதன் பெயர் பாரகூடா, அதாவது நம் கடலோரத்தார் சீலா என்னும் மீன். கண்டுபிடித்த நிறுவனம் 2015-இல் விலகிக்கொண்டது. கிடைப்பது வேறு, எடுத்து விற்கக் கட்டுபடியாவது வேறு என்பதற்கு இது தக்க சான்று.

2025-இல் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டப் பகுதிகளில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி வழங்கிய செய்தி ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. உடனே மாநில அரசு, எப்பகுதியிலும் இத்தகைய திட்டங்களை ஏற்பதில்லை எனக் கூறி, அவ்வனுமதியைத் திரும்பப் பெறுமாறு அறிவுறுத்தியது. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமும், 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவும், அக்கடலையே நம்பிய மீனவரும் உள்ள நிலம் அது. டெல்டாவின் அளவுகோலை அப்படியே அங்குக் கொண்டு செல்லல் பொருந்தாது. காவிரி நீர் என்ற சொல் அங்கு யாரையும் திரட்டாது. அங்குக் கேட்க வேண்டிய கேள்விகள் கண்மாயைப் பற்றியும், கடலடிப் பவளத்தைப் பற்றியும் அமைய வேண்டும். வழுதூர் மின்நிலையம் இத்தனை ஆண்டுகளில் அப்பகுதிக்குத் தந்தது என்ன, அவ்வூரார் இழந்தது என்ன என்பதை நேரில் சென்று கேட்டெழுதினால் நல்லதோர் ஆய்வேடு கிடைக்கும். சமூகவியலார் செய்யட்டும் என்று நாம் ஒதுங்க வேண்டுவதில்லை.

அன்று வினவிய மாணவர் இப்போது பள்ளியொன்றில் தமிழாசிரியர். விடுமுறை நாள்களில் நாங்கள் இருவரும் எண்ணெய்த் துறைக் கலைச்சொற்களைத் திரட்டி வருகின்றோம். எண்ணெயோடு ஆழத்திலிருந்து வரும் நீருக்கு என்ன பெயரிடுவது என்று ஒரு மாலை முழுதும் வாதிட்டோம். 'உடன்வரு நீர்' என்றேன் நான். 'உற்பத்தி நீர்' என்றார் அவர். திண்ணையில் இருந்த அவர் தந்தையார், "உவர்த் தண்ணிதானே வருது? அப்படியே எழுதுங்க. படிக்கிறவனுக்கு எங்க விடக் கூடாதுன்னு தானா தெரிஞ்சிரும்" என்றார். பட்டியலில் 'ஆழ உவர்நீர்' என்று எழுதிக்கொண்டோம்.